ஆறு என்று எழுதுகிறவர்

பெயர்களை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.
எனக்கு வருவது எண்கள்.
தார்த்து நகரில், பழைய பால்பண்ணைக் கட்டடத்தின்
இரண்டாம் மாடியில்,
எஸ்தோனியர்கள் நள்ளிரவில் தேடுபொறியிடம் கேட்டதையெல்லாம்
காலையில் உட்கார்ந்து கழுவுவது என் வேலை.
முகவரி இருந்தால் நீக்கு.
தொலைபேசி எண் இருந்தால் நீக்கு.
அழுகையை நீக்கச் சொல்லி விதி இல்லை.

70316 என்பவர்
கம்பளிச் சட்டையில் பீட்ரூட் கறை போக வழி கேட்டார்.
நாய்க்கு உண்ணி எடுப்பது எப்படி என்றார்.
ஞாயிறு இரவு அன்னெலின்னுக்குக் கடைசிப் பேருந்து.
எல்லாரும் கேட்பதுதான்.
கடந்துபோயிருப்பேன்.
அந்த ஆறு கண்ணில் படாமல் இருந்திருந்தால்.

எங்கள் மொழியில் ஓர் எழுத்து உண்டு,
தலையில் சிற்றலை சுமந்த வட்டம்.
அயலார் நாக்குக்குப் பிடிபட ஆண்டுகள் ஆகும்.
அது இல்லாத விசைப்பலகைகளில்
ஒருகாலத்தில் 6 என்று தட்டிவைப்போம்.
பிறகு விட்டுவிட்டோம்.
இவர் விடவில்லை.
ஆப்பிளை ஆறில் தொடங்குகிறார்.
சாவிக்குள் ஓர் ஆறு, விரலுக்குள் ஓர் ஆறு.
ஊர் நடுவே ஓடுகிறதே,
அந்த ஆற்றை எழுதினாலும் அதன் நடுவில் ஓர் ஆறு.

இப்படி எழுதும் ஒருவரை எனக்குத் தெரியும்.
எங்கள் குடியிருப்பின் வாசற்கதவில்
நாய் வெளியே ஓடிவிடும், சாத்துங்கள் என்று
அச்செடுத்து ஒட்டியிருக்கிறார்.
'வெளியே'யின் முதல் எழுத்து ஆறு.
மூன்றாம் மாடி ஹெல்துர்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

மார்ச் 4: இடக்கை விரல் நடுக்கம் குளிரினாலா
பன்னிரண்டு நிமிடம் கழித்து: வெந்நீரில் வைத்தும் நடுங்கினால்
மார்ச் 19: கை நடுங்குகிறவர் படகு ஓட்ட அனுமதி உண்டா
ஏப்ரலில் ஒரு விடிகாலை: மகளிடம் எப்போது சொல்வது
(தேடுபொறி மூன்று மருந்துக்கடைகளைக் காட்டியிருக்கிறது.
ஒன்று இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்குமாம்.)
கடைசியாக: வயதான நாயை யார் எடுத்துக்கொள்வார்கள்

ஆறுமா என்று மட்டும்
ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மாலையில் படிக்கட்டில் எதிரே வந்தார்.
வலக்கையில் உருளைக்கிழங்குப் பை,
இடக்கை கோட்டுக்குள்.
"குளிர்" என்றார்.
படியெல்லாம் மே மாத வெயில்.
"ஆமாம், குளிர்" என்றேன்.
கதவைத் தேவைக்கு மேல் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.
அவர் கதவைப் பார்த்தார், பிறகு என்னை.
மாற்றான் வீட்டுச் சாவி
என் பைக்குள் கனத்தது.

இரவு கைப்பேசியில் தட்டினேன்:
நடுக்கம் உள்ள அண்டைவீட்டாருக்கு
அதற்கு மேல் விரல் நகரவில்லை.
நானும் ஓர் எண்தான்.
என் வரியை எந்த ஊரில் எவர்
காப்பியோடு உட்கார்ந்து கழுவுவாரோ.
அழித்தேன்.
அழித்ததும் எங்கோ பதிந்திருக்கும்.

மறுநாள் ஒரு விதி சேர்த்தேன், ஒரே வரி:
6 எங்கே கண்டாலும் அலை சுமந்த எழுத்தாக்கு.
நாற்பது லட்சம் தேடல்களுக்குள்
ஹெல்துர் ஒழுங்காக எழுதுகிறவர் ஆனார்.
அவருடைய எண்ணின் கடைசி இலக்கம்கூட எழுத்தாகிவிட்டது.
ஆறாம் எண் பேருந்து இல்லாமல் போனது.
ஆறு மணி ரயில், ஆறு மாதக் குழந்தையின் காய்ச்சல்
எதுவும் படிக்கிறமாதிரி இல்லை.

"யார் போட்ட விதி இது?" ஐவார் வந்து நின்றார்.
"எழுத்துத் திருத்தம்."
"தரவு மொத்தமும் கெட்டுக் கிடக்கிறது."
மூலப்பிரதி வேறொரு குளிர்ந்த அறையில் பத்திரமாம்,
வியாழக்கிழமை மீட்டுவிடலாமாம்.

இன்று செவ்வாய்.
வியாழனுக்குள் மூன்றாம் மாடிக்கு ஏறி
நாயை நான் கொஞ்சம் நடத்திக் கூட்டிப்போகட்டுமா
என்று கேட்டுவிட வேண்டும்,
எப்படித் தெரியும் என்று
அவர் கேட்காத விதமாக.